இருபது நிமிடம் தாமதமாகச் செத்தவர்

செத்துப்போன ஒரு மனிதர்மேல் நெசுமிசாகி துறைமுகத்தில் ஐந்து பேர் மாதக்கணக்கில் கோபமாக இருந்தோம். அவர் செய்த தவறு ஒன்றுதான். இருபது நிமிடம் தாமதமாகச் செத்தார்.

எங்கள் ஐவரின் வேலை செத்தவர்களின் புத்தகங்களைத் தட்டச்சு செய்வது. செவ்வாய்க்கிழமைதோறும் நூலகத்தின் மாடி அறையில் கூடுவோம். எழுத்தாளர் ஒருவர் செத்த வருடத்துக்குப் பிறகு ஐம்பது வருடம் முடிந்துவிட்டால், அடுத்த ஜனவரி முதல் தேதி அவர் எழுதியதெல்லாம் எல்லாருக்கும் சொந்தம் என்பது சட்டம். அன்று காலையில் நாங்கள் தட்டி வைத்திருப்பதை இணையத்தில் ஏற்றுவோம். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், அச்சடிக்கலாம், பாட்டாக்கலாம், பொம்மையாட்டமாக்கலாம். ஆளுக்கொரு செத்தவரைப் பிரித்துக்கொண்டிருந்தோம். எழுத்தாளர்களின் பிறந்தநாள் எங்களுக்குத் தெரியாது, இறந்தநாள் மட்டும் அத்துப்படி. ஒருவர் தொண்ணூறு வயதுவரை வாழ்ந்தார் என்று கேள்விப்பட்டால் முகம் சுளிப்போம்.

கினுயே அக்காவின் பங்குக்கு வந்தவர் முகுனோகி. எங்கள் ஊர்க்காரர், குழந்தைகளுக்குக் கதை எழுதியவர். பன்னிரண்டு புத்தகங்கள். அவற்றை வெளியிட்ட பதிப்பகம் எப்போதோ மூடப்பட்டு, அந்த இடத்தில் இப்போது சைக்கிள் நிறுத்துகிறார்கள். உலகத்தில் மிஞ்சியது எங்கள் நூலகத்துப் பிரதிகள் மட்டும். அந்தக் காலத்து மட்டமான தாள், தொட்டால் உடையும். கினுயே அக்கா பள்ளிச் சமையலறையில் நாற்பது வருடம் வேலை பார்த்தவர். மீனில் முள் எடுக்கும் இடுக்கியைக் கொண்டுவந்து அதை வைத்தே பக்கம் புரட்டுவார். தட்டுவது இரண்டு விரலால். பதினோரு வருடம் தட்டினார். பிழை பார்த்தது நான். நான் அஞ்சலகத்தில் ஓய்வு பெற்றவன், பெயர் மினெகிச்சி. பிழை கண்டுபிடிப்பதைவிடப் பிழை செய்வதில்தான் அனுபவம் அதிகம்.

குடும்பப் பதிவேட்டின்படி முகுனோகி செத்தது 1968 ஜனவரி முதல் தேதி, நள்ளிரவு தாண்டி இருபது நிமிடம். ஆகவே 2018 முடிந்ததும் அவர் எல்லாருக்கும் சொந்தமாக வேண்டும். 2019 ஜனவரி ஒன்று செவ்வாய்க்கிழமையாகவும் வாய்த்தது. அரிசிக் கள் வாங்கி வைத்திருந்தோம்.

டிசம்பர் முப்பதாம் தேதி சட்டம் மாறியது. ஐம்பது எழுபதாயிற்று. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் துறைமுகப் படித்துறையில் மூன்றாவது படி உடைந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. அதைப் பார்க்க இன்னும் ஆள் வரவில்லை. அந்த ஓட்டைக்குள் இப்போது ஒரு மீன் குடும்பம் மூன்று தலைமுறையாக வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது. அப்படிப்பட்ட அரசாங்கம், புத்தாண்டுக்கு ஊரே வீடு துடைத்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில், இந்த ஒரு வேலையை மட்டும் தேதி தவறாமல் முடித்தது.

அதற்கு முன்பே சுதந்திரம் அடைந்தவர்களைத் திரும்பப் பிடித்து அடைக்க மாட்டார்களாம். 1967 முடிவதற்குள் செத்தவர்களெல்லாம் தப்பித்தார்கள். இருபது நிமிடம் பிந்திய முகுனோகி மாட்டிக்கொண்டார். இனி 2039.

"ரெண்டு நாள்டா மினெ," என்றார் கினுயே அக்கா. "பதினோரு வருஷம் தட்டினேன். ரெண்டு நாள்ல கதவச் சாத்திட்டானுங்க. 2039-ல எனக்கு நூத்தி மூணு வயசு. அப்ப ரெண்டு விரல்ல எது மிச்சம் இருக்கும்?"

அவருக்கு இதில் தட்டச்சு மட்டும் போகவில்லை. முகுனோகியின் கதைகளில் 'எட்டுக்கைத் தபால்காரன்' என்று ஒன்று. புத்தாண்டு வாழ்த்து அட்டைகள் இருந்த பை ஒன்று துறைமுகத் தண்ணீரில் விழுகிறது. ஓர் ஆக்டோபஸ் அதை எடுத்து, எட்டுக் கையால் எட்டு வீட்டுக் கதவை ஒரே நேரத்தில் தட்டிக் கொடுத்துவிடுகிறது. தபால்தலை குறைவாக ஒட்டிய அட்டைகளை மட்டும் கொடுக்க மறுக்கிறது. கடைசி அட்டை, கடலுக்குப் போய்த் திரும்பாத ஒரு மீனவனின் பெயருக்கு வந்தது. ஆக்டோபஸ் ஊரெல்லாம் தேடிவிட்டு, 'இப்பெயருடையவர் இல்லை' என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்புகிறது. கதை அங்கே முடிகிறது.

அக்காவின் கணவர் குனியோ கணவாய் பிடிக்கும் படகில் போனவர். 1971-இல் படகும் வரவில்லை, அவரும் வரவில்லை. பதினோரு வருடமாக அந்தக் கதையைத் தட்டித் தட்டி, அந்த முடிவு சரியில்லை என்று அக்கா தீர்மானித்துவிட்டார். பதினாறு அட்டைகளில் படம் வரைந்தார். மரச்சட்டத்தில் ஒவ்வொன்றாக உருவி உருவிக் கதை சொல்வோமே, அந்தப் படக்கதை. பதினாறாவது அட்டையில் அவர் செய்த முடிவு வேறு. மே மாதத் துறைமுகத் திருவிழாவில் அதை நடத்த வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. எண்பத்து மூன்று வயதில் வேறு ஆசை எதையும் அவர் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை.

நூலகத் தலைவர் ஹமாஜி நல்ல மனிதர். ஐம்பத்து நான்கு வயது. எந்தச் செய்தியையும் குனிந்துகொண்டேதான் சொல்வார், அதனால் அவருடைய உச்சந்தலைதான் ஊருக்கு அதிகம் பழக்கம். அவர் சட்டப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு வந்தார்.

"இருக்கற கதைய இருக்கற மாதிரியே சொன்னா ஒரு தடையும் இல்லக்கா. காசு வாங்காம சொன்னா போதும், சட்டமே இடம் கொடுக்குது. நீங்க முடிவ மாத்திட்டீங்களே. மாத்தறதுக்குத்தான் அனுமதி வேணும்."

"கிளிப்பிள்ள மாதிரி ஒப்பிச்சா சரி, சொந்தமா யோசிச்சா குத்தம். அப்படித்தானே தலைவரே?"

"புதுசா எழுதறவங்களுக்கு ஊக்கமா இருக்கும்னுதான் காலத்த நீட்டியிருக்கிறதா..."

"யாருக்கு ஊக்கம்? முகுனோகிக்கா? இருபது வருஷம் சேத்துக் கொடுத்தா அவர் கல்லறையிலேருந்து எழுந்து வந்து இன்னொரு கதை எழுதித் தருவாரா? எழுந்து வந்தா சொல்லுங்க, டீ போட்டு வைக்கிறேன். புதுசா செய்றவ நான். இங்க உக்காந்திருக்கேன், மூச்சு விட்டுட்டு. எனக்கு என்ன ஊக்கம்?"

ஹமாஜி இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

முகுனோகிக்குக் குழந்தை இல்லை. மனைவி சிசேயும் போய்ச் சேர்ந்துவிட்டார். உரிமை அண்ணன் தம்பி பிள்ளைகள், அவர்களுடைய பிள்ளைகள் என்று சிதறிக் கிடந்தது. ஹமாஜி மூன்று வாரம் உட்கார்ந்து பதினேழு பேரைக் கண்டுபிடித்தார், அதை நான் மறுக்க மாட்டேன். பதினாறு பேர், அப்படி ஒரு பெரியப்பா இருந்தாரா என்று ஆச்சரியப்பட்டு, எங்கள் நாட்டு வழக்கப்படி கையெழுத்துக்குப் பதிலாகப் பெயர் முத்திரை வைத்துச் சம்மதம் அனுப்பினார்கள். அதில் ஒருவர் ஒரு பெட்டி பேரிக்காயும் அனுப்பினார். பதினேழாவது ஆள் யோகோஹாமாவில் இருந்த ரெய்ஜி. அவர் எழுதியது இவ்வளவுதான்: 'படைப்பின் கண்ணியம் காக்கப்பட வேண்டும். சட்டம் எழுபது என்கிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். மாற்றங்களுக்குச் சம்மதமில்லை. பின்குறிப்பு: இந்தப் புத்தகத்தை நான் பார்த்ததில்லை. பிரதி இருந்தால் ஒன்று எடுத்து அனுப்பவும்.'

பதினேழில் ஒன்று குறைந்தாலும் செல்லாது.

"முழுப் புத்தகத்தயும் பிரதி எடுத்தா எடுத்தவங்க மேல குத்தம் வரும், அதனால அனுப்ப முடியாதுன்னு எழுதிடு," என்று அக்கா சொன்னார். அப்படியே எழுதினேன்.

பிப்ரவரியில் நுகாகா டாக்டரின் மகள் மசுயோ பழைய மருத்துவமனையைக் காலி செய்துகொண்டிருந்தார். அப்பாவின் கையெழுத்து புரியவில்லை, நாற்பது வருடம் முகவரி படித்தவன் நீதானே என்று ஒரு கட்டுக் குறிப்பேடுகளை என் வீட்டில் இறக்கினார். டாக்டர் கையெழுத்து எப்படி என்றால், ஒருமுறை அவர் எழுதிய மருந்துச் சீட்டை எடுத்துப் போனவனுக்கு மருந்துக் கடையில் ரயில் டிக்கெட் கொடுத்தார்கள். அந்தக் குறிப்பேடுகளில் 1967-ஆம் வருடத்தின் கடைசிப் பக்கத்தில் இப்படி இருந்தது: 'முப்பத்தொன்று. முகுனோகி, 11.40-க்கு முடிந்தது. மனைவி கேட்டுக்கொண்டதால் ஒன்றாம் தேதி 12.20 என்று சான்றிதழில் எழுதினேன். எழுபது வேண்டுமாம். யாருக்கு என்ன நட்டம்.'

எங்கள் பழைய கணக்கில் பிறக்கும்போதே ஒரு வயது. பிறகு பிறந்தநாளுக்கு அல்ல, ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒரு வயது கூடும். அந்தக் கணக்கில் முகுனோகிக்கு அன்று அறுபத்தொன்பது. நாற்பது நிமிடம் தள்ளினால் எழுபது. எழுபது பெரிய வயது. கொண்டாடுவதற்காகச் சிசே ஊதா நிறத்தில் மெத்தை தைத்துத் தயாராக வைத்திருந்தார். அறுபத்தொன்பது என்று கல்லறையில் வெட்ட அவருக்கு மனம் வரவில்லை. டாக்டரிடம் கெஞ்சி, புருஷனுக்கு ஒரு வயது வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

அதாவது முகுனோகி தாமதமாகச் சாகவில்லை. நேரத்துக்கு முன்னாலேயே, ஒழுங்காக, 1967-லேயே செத்திருக்கிறார். நாங்கள்தான் அநியாயமாக அவரைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

குறிப்பேட்டைத் தூக்கிக்கொண்டு நூலகத்துக்கு ஓடினோம். எங்கள் வயதில் ஓட்டம் என்றால், வழியில் ஒரு நத்தை எங்களுக்கு வழிவிட்டு ஒதுங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹமாஜி இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இது நிஜம்தான். எனக்கே தெரியுது. ஆனா பதிவேட்டுல ஒண்ணாம் தேதின்னு இருக்கே. திருத்தணும்னா குடும்ப நீதிமன்றம் போகணும். வெளியாளு போக முடியாது, சொந்தக்காரங்கதான் மனு போடணும்."

ரெய்ஜி மனு போட வேண்டும். தன் பெரிய தாத்தாவை நாற்பது நிமிடம் முன்னால் சாகடிக்கச் சொல்லி, அதனால் தனக்குக் கிடைத்த இருபது வருடத்தை விட்டுக்கொடுத்து. மற்ற பதினாறு பேரிடமும் கேட்டோம். முத்திரை வேண்டுமானால் வைக்கிறோம், நீதிமன்றத்துக்கு வர முடியாது என்றார்கள். பேரிக்காய்க்காரர் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

திரும்பும் வழியில் நான் சிசேயைத் திட்ட ஆரம்பித்தேன். ஒரு எண்ணுக்காகப் பன்னிரண்டு புத்தகத்தைப் புதைத்துவிட்டாளே என்றேன். கினுயே அக்கா நின்றுவிட்டார்.

"அவள ஒரு வார்த்த சொல்லாத. புருஷனுக்கு ஒரு நாள் கொடுத்தா. எனக்கு அப்படி ஒரு நாள் கையில கிடைச்சிருந்தா நானும் கொடுத்திருப்பேன். எந்தத் தேதின்னே தெரியாம, கோயில்காரர் தோராயமா ஒண்ணு போட்டுக் கொடுத்ததத்தான் நான் வருஷா வருஷம் கும்பிடுறேன். இருபது வருஷத்தத் திருடினது அவ இல்ல. திருடினவன் பேரச் சொல்லித் திட்டு."

மார்ச்சில் ஹமாஜி ஒரு யோசனையோடு வந்தார். ஆக்டோபஸைக் கணவாயாக மாற்றிவிடலாம், தபாலைச் செய்தித்தாளாக மாற்றிவிடலாம், பிறகு யாரும் எதுவும் கேட்க முடியாது என்றார். கணவாய்க்குப் பத்துக் கை, படத்துக்குப் படம் இரண்டு கை கூட வரைந்தால் போதும். அவர் நல்லதாகத்தான் நினைத்துச் சொன்னார்.

"கணவாயா?" என்றார் அக்கா. "நாப்பது வருஷம் கணவாய் கழுவின கை இது. அதுக்குத் தபால் கொடுக்கற புத்தி கிடையாது. அதோட, என் புருஷன் எதப் பிடிக்கப் போனாருன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

ஹமாஜி முகம் வெளிறிப் போய்க் குனிந்தார். அன்று அவர் நிமிரவே இல்லை. அப்படியே பஸ் ஏறிப் போனதாகக் கேள்வி.

இந்த இடத்தில் என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆக்டோபஸ் என்னுடையது. 1962 புத்தாண்டு அன்று எனக்கு இருபது வயது, அஞ்சலகத்தில் தற்காலிக வேலை. வாழ்த்து அட்டை கொடுக்கப் போன வீட்டிலெல்லாம் புத்தாண்டுக் கள் ஒரு கிண்ணம் கொடுத்தார்கள். மறுத்தால் வருடம் முழுக்க அவர்களுக்கு ஆகாது. முப்பதாவது வீட்டுக்குப் பிறகு துறைமுகம் தன் இடத்திலிருந்து நகர்ந்துவிட்டது, பை தண்ணீரில் விழுந்தது. தவறு செய்தவன் என்ன நடந்தது என்று தன் கைப்பட விளக்கக் கடிதம் எழுதி முத்திரை வைக்க வேண்டும், அது எங்கள் அலுவலக வழக்கம். நான் ஆக்டோபஸை எழுதினேன். அஞ்சலகத் தலைவர் அதைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, கடல் பிராணி எதுவும் வராத மாதிரி இன்னொன்று எழுது என்றார்.

வாழ்த்து அட்டை வரவில்லையே என்று கேட்க வந்த முகுனோகி, அங்கேதான் நின்றிருந்தார். குப்பைக்கூடையைப் பார்த்து, "அத நான் எடுத்துக்கலாமா தம்பி?" என்று கேட்டார். "எடுத்துக்கோங்க," என்றேன். ஒப்பந்தம் முடிந்தது. பதினேழு முத்திரை வேண்டியிருக்கவில்லை. திரும்பாத மீனவனுக்கு வந்த அட்டையை அவர் சேர்த்தார். அது எனக்குத் தோன்றியிருக்காது. என் பொய்யைவிட அவர் கதை நன்றாக இருந்தது. கினுயே அக்காவின் முடிவு அவருடையதைவிட நன்றாக இருந்தது. அவர் என்னிடம் கேட்டார், நான் கொடுத்தேன். அக்கா கேட்கப் போனால், கொடுக்க வேண்டியவர் கல்லறையில், வாயை மூடச் சொல்கிறவர் யோகோஹாமாவில்.

இதையெல்லாம் ஹமாஜியிடம் சொன்னேன். ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டார். இருந்த ஒரே ஆதாரத்தைத்தான் முகுனோகி எடுத்துக்கொண்டு போய்விட்டாரே.

மே மாதம் திருவிழா வந்தது. மீன் சந்தையின் ஈரத் தரையில், தன் பழைய சைக்கிளின் பின்னால் மரச்சட்டத்தைக் கட்டி, அக்கா அந்த ஆக்டோபஸ் கதையை நடத்தினார். யாரிடமும் கேட்கவில்லை. ஹமாஜி கடைசி வரிசையில் நின்று, கூரையில் எத்தனை பல்பு எரிகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், யாரும் அழைக்காமலே, கணவாய்ப் படகுகளில் ஆளை அனுப்பிவிட்டுத் தனியே இருக்கும் பெண்கள் வந்து நின்றார்கள்.

பதினாறாவது அட்டையில், ஆக்டோபஸ் முத்திரை குத்தவில்லை. வாழ்த்து அட்டையை எடுத்துக்கொண்டு கீழே, கடலின் தரைவரைக்கும் போகிறது. அங்கே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார். காலில் குனியோ போட்டிருந்த அதே மஞ்சள் ரப்பர் பூட்ஸ், இடது கால் முட்டிக்குக் கீழே ஒட்டுப் போட்டது. ஆக்டோபஸ் ஒரு கையால் விளக்கைப் பிடித்துக்கொண்டு அட்டையை அவருக்குப் படித்துக் காட்டுகிறது. அட்டையில் என்ன எழுதியிருந்தது என்பதை அக்கா சத்தமில்லாமல் உதட்டசைத்துச் சொன்னார். நான் அந்த நேரம் பார்த்துச் சுவரில் எழுதியிருந்த மீன் விலையைக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

யாரோ அதைப் படம் பிடித்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். பத்தே நாளில் ரெய்ஜியிடமிருந்து நகராட்சிக்குக் கடிதம். அந்தப் பன்னிரண்டு புத்தகங்களுக்கும் அவர் அரை நிமிடம் ஒதுக்கியதில்லை, புகாருக்கு மூன்று பக்கம் ஒதுக்கியிருந்தார். நகராட்சி ஹமாஜியை நெருக்கியது. தட்டச்சுக் குழு விளக்கக் கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மாடி அறையை மூட வேண்டும். "அறைய மூடிக்கச் சொல்லு, என் வாயால மன்னிப்பு வராது," என்றார் அக்கா. நான் எழுதுகிறேன் என்றேன். எனக்கு அதில் முன்அனுபவம் உண்டு.

என் வாழ்க்கையின் இரண்டாவது விளக்கக் கடிதம் இது:

'மே மாதம் நடந்த தவறு குறித்து. அன்று மீன் சந்தையில் கதை நடத்தியது திருமதி கினுயே அல்ல. பிற்பகல் இரண்டு மணிக்கு, உடைந்த மூன்றாவது படி வழியாக ஓர் ஆக்டோபஸ் ஏறி வந்தது. படியைப் பழுது பார்த்திருந்தால் அது ஏறியிருக்காது என்பதை நகராட்சியின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். அது எட்டுக் கையால் அட்டைகளை உருவித் தன் கதையைத் தானே சொல்லிவிட்டு, தன்னைப் பற்றிய தவறான முடிவைத் திருத்திக்கொண்டது. நாங்கள் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அது பெண்களைப் பார்த்து வணங்கிவிட்டு வந்த வழியே போயிற்று. அதன்மேல் வழக்குப் போடுவதானால் முகவரி தருகிறேன். நான் முன்னாள் தபால்காரன்.

இந்தக் கடிதத்தில் உள்ள பொய் முழுவதும் என்னுடையது. எனக்கு எழுபத்தெட்டு வயது, உயிரோடு இருக்கிறேன். இதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், இதைவிட நன்றாகச் சொல்லலாம். நான் சாகும்வரை காத்திருக்க வேண்டாம். செத்தபின் எழுபது வருடம் நிச்சயமாகக் காத்திருக்க வேண்டாம்.'

நான் முத்திரை வைத்தேன். குழுத் தலைவி என்ற முறையில் கினுயே அக்கா, பள்ளிச் சமையலறையில் மீன் வாங்கியதற்கு வைத்த அதே மர முத்திரையை வைத்தார். ஹமாஜி நின்றுகொண்டே கடைசிவரை படித்தார். கடல் பிராணி இல்லாமல் வேறு எழுதித் தாருங்கள் என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் தன் முத்திரையை எடுத்து, அக்காவின் முத்திரைக்குப் பக்கத்தில், அதன் பக்கமாகச் சற்றே சாய்த்து வைத்தார். எங்கள் அலுவலகங்களில் கீழே இருப்பவர் மேலதிகாரியின் முத்திரைக்குப் பக்கத்தில் அப்படித்தான் வைப்பார், குனிந்து வணங்குகிற மாதிரி. பிறகு கடிதத்தைக் கோப்பில் வைத்து மூடினார்.

அக்கா அதைக் கவனிக்காமல் இல்லை.

"சாஞ்சு வச்சு என்ன பிரயோஜனம்," என்றார். "நேரா வச்சு, ஐம்பதே அதிகம்னு மேல எழுதிப் போடச் சொல்லு."

முகுனோகியின் பன்னிரண்டு புத்தகங்களும் நூலகக் கணினியில் ஒரு மூலையில் கிடக்கின்றன. திறக்கும் தேதி 2039 ஜனவரி ஒன்று என்று அக்கா மேலே எழுதி, பக்கத்தில் அச்சில் ஏற்ற முடியாத ஒரு வார்த்தையும் எழுதி வைத்திருக்கிறார். பழைய பிரதிகள் அதுவரை தாங்காது. போன வாரம் மூன்றாவது புத்தகத்தின் அட்டை இடுக்கியோடு வந்துவிட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அக்கா புது ஆளைத் தட்ட ஆரம்பித்தார். 1965 மார்ச்சில் செத்தவர். நல்ல மனிதர்.